டிரம் மோவர் வாங்கியிருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ வாங்கியிருக்கும் பழைய டிரம் மோவர், அதாவது சுழலும் இரண்டு உருளைகளின் அடியில் கத்திகள் மாட்டிய டிராக்டர் புல்வெட்டி, ஓடும்போது அதிர்கிறது என்றும், அது போன தடத்தில் கோடுகோடாகப் புல் நின்றுவிடுகிறது என்றும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஒரு டிரம்மில் ஒரு கத்தி கழன்று போயிருந்தால் எடைச் சமன் குலைந்து இயந்திரம் அதிரும். வெட்டும் சீராக இருக்காது.

பார்ப்பதற்கு முன் டிராக்டரை அணைத்துச் சாவியைக் கையோடு எடுத்துக்கொள். டிராக்டரிலிருந்து மோவருக்குச் சுழற்சியைக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டை நிறுத்தினாலும் அந்தக் கனத்த டிரம்கள் தம் எடையின் வேகத்திலேயே வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அவை முழுவதும் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே இருக்கையை விட்டு இறங்கு.

இரண்டு டிரம்களிலும் கத்திகளின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் விரலால் தள்ளிப் பார். தடையில்லாமல் ஆட வேண்டும். கல்லில் பட்டால் மடங்கிக்கொடுத்து, சுழற்சியின் வேகத்தில் மீண்டும் விரிவதற்காகவே அதை இறுக்காமல் மாட்டுகிறார்கள். புல்லின் சாறும் மண்ணும் சேர்ந்து இறுகிப்போனால், மடங்கிய கத்தி அப்படியே நின்றுவிடும். கத்தியைக் கழற்றும்போது அதைத் தாங்கும் ஆணியையும் (பின்) தடவிப் பார். ஒரு பக்கம் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடு. கத்தியின் கூர்மையைப் பார்க்கிறவர்கள் ஆணியைப் பார்ப்பதில்லை என்பது என் வெகுநாள் ஆதங்கம்.

சிக்கனம் பார்த்து நானும் ஒருமுறை மூன்று கத்திகளில் ஒன்றை மட்டும் புதிதாக மாட்டினேன். எடைச் சமன் குலைந்த அதிர்வில், மதியத்துக்குள் காப்புத்தகட்டின் போல்ட்டுகள் தாமாகவே தளர்ந்துவிட்டன. அன்றிலிருந்து ஒரு டிரம்முக்கு உரிய கத்திகள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றி வருகிறேன்.

அடர்ந்த இடத்தில் மட்டும் புல் நின்று, ரப்பர் கருகும் வாசமும் வந்தால், அது டிரம்களைச் சுழற்றும் பெல்ட் வழுக்குவதன் அடையாளம். முதலில் இறுக்கிப் பார். தேய்ந்திருந்தால் எல்லா பெல்ட்டையும் ஒன்றாக மாற்று, ஏனென்றால் நீண்டுபோன பழையதும் புதியதும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளா. பி.டி.ஓ.வை எஞ்சின் மெதுவாக ஓடும்போதே இணைத்து, நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு ஏற்றிய பிறகு புல்லுக்குள் நுழை. வேகம் குறைந்த கத்தி புல்லை வெட்டாது, சாய்த்துவிட்டுப் போகும்.

தடையில் மோதினால் மோவர் பின்னால் விலகிக்கொள்ளும்படி ஸ்பிரிங் பூட்டு ஒன்று இருக்கும். முன்பு வைத்திருந்தவர் அதைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறாரா என்று பார், கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு. சுற்றிலும் தொங்கும் கித்தான் திரையைக் கிழிந்தபடி விட்டுவிடாதே. தெறிக்கும் கல்லைத் தடுப்பது அதுதான்.

வெட்டும் உயரத்தை 5 முதல் 7 சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொள். அடிக்கட்டை சற்று உயரமாக நின்றால் வெட்டிய புல் அதன்மேல் தங்கி, அடியில் காற்று புகுந்து விரைவில் காயும், மண்ணும் கலக்காது. எனினும் இரண்டு டிரம்களும் உள்நோக்கிச் சுற்றிப் புல்லை நடுவில் வரிசையாகக் குவித்துவிடுவதால், அன்றைக்கே அதைக் கிளறிப் பரப்பிவிட வேண்டும்.

கத்திகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் எழுது. கத்தியைத் தாங்கும் ஆணி தேய்ந்திருந்தால் அதன் அளவையும் குறித்து அனுப்பு. என் பெட்டியில் பொருந்தக்கூடியது இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா