முதலில் ஸ்பீக்கர், அப்புறம்தான் சவுண்ட் கார்டு

ஆசிரியருக்கு,

வணக்கம். கம்ப்யூட்டரில் பாட்டு கேட்க என்ன ஸ்பீக்கர் வாங்கலாம் என்று சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். முதலில் நல்ல சவுண்ட் கார்டு (கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் பகுதி) போடுங்கள், ஸ்பீக்கரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்திருந்தது. இதே யோசனையைக் கேட்டுக் காசை விட்டவன் நான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு என் பொழுது பழைய கச்சேரிப் பதிவுகளோடு போகிறது. கம்ப்யூட்டரை வீட்டிலிருந்த ஆம்ப்ளிஃபயரோடு இணைத்த அன்று, பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். தம்பூரா என்றுதான் முதலில் நினைத்தேன். கச்சேரி முடிந்த பிறகும் அது நிற்கவில்லை! மதர்போர்டில், அதாவது கம்ப்யூட்டரின் முக்கிய சர்க்யூட் பலகையில், வரும் சவுண்ட் அப்படித்தான் இருக்கும், யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்குங்கள் என்றார் கடைக்காரர். 2,000 ரூபாய்க்கு மேல் செலவு. ரீங்காரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்புறம் ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் தம்பிதான் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர் ஒரு சுவரின் பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் எதிர்ச்சுவரின் பிளக்கில். இரண்டையும் பிடுங்கி ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினார், சத்தம் போய்விட்டது. இரண்டு எர்த் வழிகளுக்கும் நடுவே சிறு மின்னோட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 50 அதிர்வுகளைத்தான் நான் அத்தனை நாளும் தம்பூராவாகக் கேட்டிருக்கிறேன். யு.எஸ்.பி. கம்பி வழியாகவும் அதே எர்த் தொடர்வதால், கார்டு மாற்றி என்ன பயன்?

சவுண்ட் கார்டின் மேல் இந்த பக்தி வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் என்ற கார்டைக் கொண்டுவந்த காலத்தில், சாதாரண பி.சி.க்கு 'பீப்' அடிப்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. கார்டு போட்டால்தான் இசை. 1997-ல் இன்டெல் ஏ.சி.97 என்ற வரையறையையும், 2004-ல் எச்.டி. ஆடியோவையும் கொண்டுவந்த பிறகு, அந்த வேலையை மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன சிப்பே பார்த்துக்கொள்கிறது. சி.டி.யில் ஒலியைக் குறிக்கும் 16 பிட் அளவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளி உண்டு. ஃபேன் ஓடுகிற கூடத்தில் அந்த மெல்லிய முனை காதுக்கு எட்டுவதே இல்லை. இதில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்குவானேன்?

ஸ்பீக்கர் விஷயம் அப்படியில்லை. ஒரு கட்டை சுருதியில் பாடுகிற ஆண் குரலின் ஷட்ஜம், அதாவது 'ஸ', சுமார் 130 ஹெர்ட்ஸ். தம்பூராவின் மந்தர ஷட்ஜம், அதாவது கீழ் 'ஸ', அதில் பாதி, 65. உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கரின் இரண்டு அங்குலக் கூம்பால் அந்த 65-ஐ ஒலிக்க முடியாது. மேலே எழும் துணை ஒலிகளை வைத்து அடியில் இல்லாத சுரத்தை நம் மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. அதனால் சுருதி தெரியும், கனம் இருக்காது. மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பி, பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டினாற்போல் கேட்கும். எந்தக் கார்டும் இதைச் சரிசெய்யாது.

சரி, அப்படியானால் சப்-வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கென்று தனிப் பெட்டி) வைத்த 2.1 செட் வாங்கலாமே என்பீர்கள். மலிவான செட்டுகளில் நான் கேட்டவரை, கீழே பெட்டி 'தொம் தொம்' என்கிறது, மேலே இரண்டு குட்டிகள் கீச்சிடுகின்றன, பாடுகிறவரின் குரல் இருக்க வேண்டிய நடுப்பகுதியில் பள்ளம். மிருதங்கம் தவிலாகிவிடுகிறது. அதே பணத்துக்கு நான்கு அங்குலக் கூம்பு உள்ள இரட்டை ஸ்பீக்கர் கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான். குத்துப்பாட்டும் விளையாட்டும்தான் முக்கியம் என்பவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், அவர்களுக்கு 2.1 பொருந்தலாம்.

வாட்ஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்' என்று போட்டிருப்பார்கள், ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச சக்தி அது. அதை அளக்கப் பொதுவான விதி எதுவும் கிடையாது. அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்: 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள், 12 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் ஆயிரம் எங்கிருந்து வரும்? சாதாரண யு.எஸ்.பி. 2.0 துளையிலிருந்து மின்சாரம் எடுப்பவைக்கு 2.5 வாட்ஸ்தான் வரம்பு. ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல், சற்றே உரக்கக் கேட்கும், அவ்வளவுதான். மேஜையில் வைத்துக் கேட்க உண்மையான 10 வாட்ஸ் எனக்குத் தாராளமாகப் போதுகிறது.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனாலும் உள்ளூர்க் கடைக்குப் போனாலும், உங்களுக்கு மனப்பாடமான ஒரு பதிவை போனில் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் மூலையில் ஒடுக்காமல், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, காது உயரத்துக்கு நான்கு பழைய புத்தகங்களின் மேல் வையுங்கள். இதற்குக் காசு கிடையாது.

கார்டே வீண் என்று நான் சொல்லவில்லை. மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'கிர்' என்று கேட்டால் அது பெட்டிக்குள்ளிருந்து வரும் இரைச்சல். முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளையில் செருகியும் போகவில்லையென்றால் வெளியே வைக்கும் யு.எஸ்.பி. கார்டு நிச்சயம் உதவும். சாதாரணத் துளையில் போதிய சத்தம் வராத 300 ஓம் மின்தடை ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கும், நல்ல மைக் வைத்து ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுப்பவர்களுக்கும் தேவைதான். சில மைக்குகளுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தைத் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேறு வகை, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நான் வாங்கிய கார்டு இப்போது என் தங்கை மகளிடம் இருக்கிறது. அவள் லேப்டாப்பின் ஹெட்போன் துளை உடைந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்