அந்த அறையை மறுபடியும் திறந்துவிடுங்கள்

மதிப்புக்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம். போன வியாழக்கிழமை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து வந்தேன். ஆக்குபேஷனல் தெரபி அறை, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை அறை, பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், உள்ளே குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். "அந்த மேடத்துக்குக் கான்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சும்மா, இனி வரமாட்டாங்க" என்றார் வாசலில் இருந்தவர். வலியோடு வேலை செய்ய அந்தத் தெரபிஸ்ட் மேடம் நடத்திய எட்டு வாரப் பயிற்சியில் நான் ஐந்தாவது வாரத்தில் நிற்கிறேன்.

நான் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள். ஆறு வருஷமாகக் கழுத்து, தோள், இரண்டு மணிக்கட்டிலும் வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. "எல்லாம் மனசுதான்" என்று ஒவ்வொரு முறையும் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் திருத்திய விளக்கத்தில், ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று இருக்கிறது. வேறு நோய் எதுவும் காரணமாகத் தெரியாமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் தனி இடமே உண்டு. இதையெல்லாம் எனக்குச் சொன்னது அந்த மேடம்தான். அதைக் கேட்ட அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சோறு வடிப்பது. நிறைபானையைத் தட்டு வைத்துக் கவிழ்க்கும்போது மணிக்கட்டில் சுளீரென்று இழுக்கும். போன ஆடியில் பானை நழுவி, கஞ்சி மொத்தமும் என் பாதத்தில் கொட்டியது. கால் வெந்த வேதனையைவிட, பிள்ளைகள் பட்டினியாகப் பள்ளிக்கூடம் போனதுதான் தாங்கவில்லை. உதவாக்கரை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அன்று மட்டுமா? மாதக்கணக்கில் அதே வார்த்தைதான்.

மேடம் கேட்டார்: "பக்கத்து வீட்டு அக்கா பானையைப் போட்டிருந்தா, அவங்களை இப்படிச் சொல்லுவீங்களா?" சொல்லமாட்டேன். மருந்து தடவி விட்டிருப்பேன். தன்னிரக்கம் வேறு, தன்மேல் காட்டும் பரிவு வேறு என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

பேச்சோடு நிறுத்தவில்லை அவர். பானையைத் தூக்காமல், அரிசியைத் துணிப்பையில் கட்டி வேகவைத்துப் பையை மட்டும் எடுக்கக் காட்டிக் கொடுத்தார். வலி வரும்வரை காத்திராமல், இருபது நிமிஷம் தைத்ததும் எழுந்துவிடப் பழக்கினார். ஹூக் வைக்கும்போது என் தோள் காதுவரை ஏறி, பல்லைக் கடித்துக்கொள்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. ஊசியைக் கோக்கும்முன் மூச்சைக் கவனி, தோள் எங்கே இருக்கிறது பார், வலியோடு சண்டை போடாமல் அது எங்கே தொடங்குகிறது என்று பார் என்பார். மைண்ட்ஃபுல்னெஸ் என்று அதற்குப் பெயர் சொன்னார். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் என்பவர் தொடங்கிய இந்த மாதிரிப் பயிற்சிக்கு முதலில் வந்தவர்களில் பலர், மருந்துக்கு அடங்காத வலிக்காரர்களாம்.

என் வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மாத்திரையும் வேண்டும்தான். ஆனால் தினம் இரண்டு ஜாக்கெட் முடிக்கிறேன், முன்பு ஒன்றே முடியாது. அதனால் கேட்கிறேன்: அறையைத் திறங்கள், நிரந்தரமாக ஒரு தெரபிஸ்டைப் போடுங்கள்.

"யோகா கிளாஸ் போங்கம்மா" என்று அன்று ஓபியில் சொன்னார்கள். ஐயா, கண்ணை மூடி உட்கார எனக்கு யார் நேரம் கொடுப்பார்கள்? பானையும் மிஷினும் பிடிக்கிற கைக்கு வழி சொல்பவர் வேண்டும். 2021-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் ஆக்குபேஷனல் தெரபியையும் சுகாதாரத் தொழிலாக ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, அதை நன்றியோடு சொல்கிறேன். அப்படியிருக்க, இருந்த ஒரே தெரபிஸ்டையும் அனுப்பிவிட்டு அந்த இடத்தில் பெட்டியை அடுக்க எப்படி மனசு வந்தது? வலியோடு வருகிற பெண்கள் என்றால் காத்திருப்பார்கள், கத்தமாட்டார்கள் என்ற நினைப்பா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளுக்கு வேறு இடம் பார்த்து, அந்த அறையைத் திறந்து, நிரந்தர தெரபிஸ்ட் ஒருவரை நியமிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி இருக்கிறது. என்னோடு பயிற்சிக்கு வந்த ஆறு பெண்களுக்கும் அப்படியே.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவமனைக்கு வரும் ஒரு தையல்காரி