துணிக்கடை மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எப்போது கூப்பிட்டாலும் "கஸ்டமர் நிக்கிறாங்க மச்சான், அப்புறம் பேசுறேன்" என்கிறீர்கள். அந்த அப்புறம் வருவதாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் வீட்டுக்கு வந்தபோது உங்கள் காலைப் பார்த்தேன். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்துச் சுருண்டு கிடக்கிறது. சாக்ஸ் கழற்றிய இடத்தில் விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. "சேல்ஸ்மேன்னா இதெல்லாம் சகஜம்" என்று சிரித்தீர்கள். மதுரை விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைகளில் வருஷக்கணக்காக நின்ற பலருக்கு இருக்கிறதுதான். அதனால் அது சரியாகிவிடுமா? நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்துதான் கீழே இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கவுண்டருக்குப் பின்னால் ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். நரம்பு வேறு என்ன செய்யும்?

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உங்கள் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது, பார்த்தேன். அதில் சேலைப் பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கின்றன!

காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு பத்து. வாரத்துக்குக் கூட்டிப் பாருங்கள், சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் 70 மணி நேரம் போல வரும். சட்டப்படி 48 மணி நேரம். ஓவர்டைமோடு சேர்த்தே 54-தான், அந்த ஓவர்டைமுக்கும் இரட்டைச் சம்பளம். உங்களுக்குக் கிடைப்பது பரோட்டா பார்சல். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம், 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லின. உங்கள் அப்பாவுக்கும் பிரஷர் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

தீபாவளிக்கு ஊருக்கெல்லாம் துணி எடுத்துக் கொடுத்துவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு வந்து படுத்தீர்கள். பாப்பா புதுப் பாவாடையைக் காட்ட உங்களை உலுக்கி உலுக்கிப் பார்த்தாள். பிறகு என்னிடம் காட்டினாள். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. அவள் இப்போதெல்லாம் எதையுமே சொல்வதில்லை, அதுதான் எனக்குக் கவலை.

முதலாளி நல்லவர், ஸ்கூல் ஃபீஸுக்கு அட்வான்ஸ் கொடுத்தார் என்பீர்கள். கொடுத்தார், மாசாமாசம் சம்பளத்தில் பிடித்தும் கொள்கிறார். வட்டிக்கு உங்கள் காலையா எழுதிக் கொடுத்தீர்கள்?

வேலையை விடச் சொல்லவில்லை. வீட்டு லோன் எனக்கும் தெரியும். கூட்டம் இல்லாத மத்தியானத்தில் மாற்றி மாற்றி உட்காருங்கள். சீனியர் நீங்கள் உட்கார்ந்தால்தான் அந்தச் சின்னப் பையன்களும் உட்காருவார்கள். வார லீவில் ஸ்டாக் எடுக்கக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை உங்களுக்கு லீவுதானே? காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம். பிரஷர் பார்க்கக் காசு கிடையாது, காலையும் டாக்டரிடம் காட்டிவிடலாம். வெறும் வயிற்றோடு வாருங்கள், சுகரையும் பார்த்துவிடுவோம். முடிந்ததும் டவுன்ஹால் ரோட்டில் டிபன், என் செலவு.

அன்புடன்,
மச்சான்