மதத் தலைவர்களின் அறிக்கைகள் சிங்களத்திலும் தமிழிலும் முழுமையாக, நேரத்துக்கு மக்களைச் சேர ஏற்பாடு செய்யக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், புத்தளம்.

அனுப்புவோர்:
சிலாபம் பகுதிக் கத்தோலிக்க, முஸ்லிம் குடிமக்கள்.

ஐயா / அம்மணி,

உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின், 2019 மே 5 அன்று நீர்கொழும்பு போருதொட்டவில் மோதல் மூண்டது. ஒரு முஸ்லிமுக்கேனும் தீங்கு செய்யாதீர்கள் என்று கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை கத்தோலிக்கரைக் கேட்டுக்கொண்டார். அப்பகுதியில் மதுபான விற்பனையை நிறுத்தும்படி அரசிடமும் கேட்டார். உயிர்த்த ஞாயிறு தாக்குதல்தாரிகளின் உடல்களைப் பொறுப்பேற்று அடக்கப்போவதில்லை என முஸ்லிம் மார்க்க அறிஞர் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அதற்கு முன்பே அறிவித்திருந்தது. இவ்வளவு பேசியும், மே 12 அன்று சிலாபத்தில் ஒரு முகநூல் பதிவு போதுமாயிற்று. ஆங்கிலத்தில் இருந்த ஒற்றை வரியை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு பள்ளிவாசலையும் கடைகளையும் தாக்கினார்கள். மறுநாள் கலவரம் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை வரை போயிற்று.

மதத் தலைவர்கள் பேசாததல்ல இங்குள்ள குறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையின் பிரசங்கம் பெரும்பாலும் தமிழில் நடக்கிறது. இப்பகுதித் தேவாலயங்களில் மறையுரை பெரும்பாலும் சிங்களத்தில். ஒரு தரப்பின் பேச்சு மறுதரப்புக்கு வெட்டிய வீடியோத் துண்டாக, யாரோ போட்ட தலைப்போடு வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. கண்டனம் அதில் இருக்காது, கோபமான வரி மட்டும் இருக்கும். 2019இல் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். தடையைச் சுற்றிப் போக விபிஎன் செயலி போட்டவர்களுக்கு வதந்தி வந்துகொண்டே இருந்தது; அதை மறுக்க நினைத்தவர்களுக்குத்தான் வழி அடைபட்டது.

எனவே, ஒரு மத உரை பற்றிச் சர்ச்சை எழுந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த உரையின் முழு ஒலிப்பதிவைப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ பங்குத்தந்தையிடமோ பெற்று, செயலக மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு இரு மொழியிலும் எழுத்தில் வெளியிட வேண்டுகிறோம். மொழிபெயர்ப்பை இரு சமயத்தவரிலும் ஒவ்வொருவர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். செயலியில் போட்டு எடுத்த மொழிபெயர்ப்பு வேண்டவே வேண்டாம்.

இரு சமயத் தலைவர்களும் சேர்ந்து விடும் கூட்டறிக்கை வியாழன் மாலைக்குள் மௌலவிமார் கையிலும், சனி மாலைத் திருப்பலிக்கு முன் குருமார் கையிலும் இருக்க வேண்டும். வெள்ளி பிற்பகலில் வரும் அறிக்கை ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைந்த பிறகே வந்து சேர்கிறது; அடுத்த ஜும்ஆவுக்கு ஒரு வாரம் ஆகும். எழுதியதை எழுதியபடியே வாசிக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு இடையில் சேர்க்கும் ஒரு வசனமே மறுநாள் வீடியோத் துண்டாகிவிடுகிறது. பிரதேச செயலகங்கள் கிராம உத்தியோகத்தர் மூலம் அதே தாளைச் சந்தை, மீன்பிடித் துறை, பஸ் நிலையங்களில் ஒட்டலாம். செலவு சில நூறு பிரதிகளுக்கு மேல் போகாது.

பொலிஸ் தங்கள் அதிகாரத்தின் கீழ் இல்லை என்பது தெரியும். ஆயினும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துரைக்கலாம். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின், வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் 3ஆம் பிரிவில் கைதானவருக்குப் பிணை தர மேல் நீதிமன்றத்தால்தான் முடியும், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும். 2019 மே மாதம் ஹசலக்கவில், உடையில் இருந்த கப்பல் சுக்கான் சக்கரத்தைத் தர்மச் சக்கரமாகக் கருதி ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைதுசெய்ததும் இதே சட்டத்தில்தான். வன்முறைக்கு நேரடியாக அழைப்பவர் மீது தயக்கமின்றி நடவடிக்கை எடுக்கட்டும். பேச்சின் பொருளே ஐயமாக இருக்கும்போது, முழு மொழிபெயர்ப்பைப் பார்த்து, சட்டமா அதிபர் திணைக்களத்தின் ஆலோசனை பெற்ற பிறகே கைது நடக்க வேண்டும்.

பதற்றம் எழும் நாட்களில் அப்பகுதி மதுபானக் கடைகளை மூடுவதற்கும் தாங்கள் மதுவரித் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இக்கோரிக்கைகள் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்தில் அறியத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டோர்