பேயை விடப் பாறைதான் ஆபத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் பாரோக் சுரங்கப்பாதைப் பேய் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வட இந்தியாவின் கல்கா–சிம்லா மலை ரயில் பாதையில் இருபுறமிருந்தும் குடைந்து வந்த வழிகள் நடுவில் சேராமல் போனதால், பொறியாளர் பாரோக்கிற்கு ஒரு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதாகவும், அவமானம் தாளாமல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டதாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். கைவிடப்பட்ட அந்தக் குகை வேறு. 1903-இல் திறக்கப்பட்டு இன்றும் ரயில் ஓடுகிற, 1,143 மீட்டர் நீளமுள்ள 33-ஆம் எண் சுரங்கம் வேறு. கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. உழைத்த ஒரு மனிதர் பேயாக மட்டுமே நினைவில் நிற்பது வேதனை.

மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதைப் பணிக்காக மூடிக் கிடந்த ஆண்டுகளில், ஆண்டிபட்டிக் கணவாயில் மலையை வெட்டிப் போட்ட தண்டவாளப் பள்ளத்திலும் முனி நடமாட்டம் உண்டென்று எங்கள் பக்கம் பேசிக்கொண்டார்கள். இருபுறமும் செங்குத்தாக நிற்கும் பாறைகளுக்கு நடுவே காற்று புகுந்தால் ஊளையிடுவது போலத்தான் கேட்கும். 2022-இல் தேனி வரை ரயில் வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

பேயைப் படம்பிடிப்பதாகச் சொல்லி, கைபேசியும் கையுமாக இரவில் பாழடைந்த சுரங்கங்களுக்குள் நுழையும் இளைஞர்களுக்கு, உதிரும் கற்களும் பாம்புகளும் காற்றோட்டமில்லாத உட்பகுதியுமே உண்மையான ஆபத்து என்பதைத் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

– வாசகர், உசிலம்பட்டி