அளக்காத நாளுக்குச் சுழியம் போடாதீர்கள்

நம் பகுதி மழைமானிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பதிவேடுகள் சிலவற்றைப் பார்த்தால் சனி, ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே பெய்வதில்லை. திங்கட்கிழமை மட்டும் கொட்டித் தீர்க்கிறது. வருண பகவானும் அரசு விடுமுறைப் பட்டியல் வாங்கி வைத்திருக்கிறார் போலும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். அளக்காத நாளுக்கு 0.0 எழுதாதீர்கள், ‘அளக்கவில்லை’ என்று எழுதுங்கள்.

தென்மேற்குப் பருவத்தில் நம் தலைக்கு மேல் 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஜெட் காற்று என்னும் அதிவேகக் காற்றோட்டம் ஓடுகிறது. வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம் 1958இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதிய அதே காற்று. அதன் வேகத்தைச் சென்னையில் பலூன் விட்டு அளக்கிறார்கள். வேகம் கூடும்போதும் குறையும்போதும் கீழே மழை எப்படி மாறுகிறது என்று பார்க்க, காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்று நாள்வாரி அளவு வேண்டும். சனி, ஞாயிறு மழை திங்கள் கணக்கில் விழுந்தால் ஒப்பீடே கெட்டுப்போகும். விடுபட்ட நாளை ஒதுக்கிவிடலாம். பொய்ச் சுழியமோ வறண்ட நாள் என்ற பெயரில் சராசரிக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

அளக்கும் நாள்களிலும் சிக்கல் உண்டு. 200 சதுர செ.மீ. வாய் உள்ள மானியில் 1 மி.மீ. மழை என்பது 20 மி.லி. தண்ணீர். அளவுக் குவளை உடைந்ததும் 100 சதுர செ.மீ. மானியின் குவளையை (அதில் 10 மி.லி.யே 1 மி.மீ.) எடுத்து அளந்தால் எல்லா மழையும் இரண்டு மடங்காகும். தானியங்கி மானியில் புனல் துளையை ஒரு புளிய இலைக்கொத்து அடைத்தால் போதும். ஒரு மணி நேரம் அடித்த மழை விடிய விடியச் சொட்டி, இரவு முழுக்கத் தூறியதாகப் பதிவாகும். மரக்கன்று நடும் விழாவுக்கோ மானியைச் சுற்றிய காலியிடம்தான் கண்ணில் படுகிறது! மானி வாய்க்கு மேல் மரம் எவ்வளவு உயர்கிறதோ, அதைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல.

2024 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 503 மி.மீ. பதிவானது. 200 சதுர செ.மீ. மானியில் அது பத்து லிட்டருக்கும் மேல். மானிக்குள் தண்ணீர் சேரும் கலன் நான்கு லிட்டர் என்றால் 200 மி.மீ.யிலேயே நிரம்பிவிடும். அப்படிப்பட்ட இரவில் யாராவது குடை பிடித்துப் போய், அளந்து, குறித்து, கொட்டிவிட்டு வர வேண்டும். அந்த வேலைக்கு ஆளும் படிப்பணமும் ஒதுக்காமல் துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பதிவாளர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை.

ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஐயா. சனி, ஞாயிறு கட்டங்களில் ‘அளக்கவில்லை’ என்று எழுதி, திங்கள் அளவுக்குப் பக்கத்தில் ‘மூன்று நாள் சேர்ந்தது’ என்று குறிக்கச் சொல்லுங்கள். பழைய பதிவேடுகளிலும் அந்தச் சுழியங்களைச் சரிபார்த்துத் திருத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மழைக் கணக்கை நம்பி வேலை செய்பவர்கள்