நடுகல்லுக்கு முன்னால் அழுதவளையும் எழுதுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சரித்திரக் கதை எழுதும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். அரூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நம் மண்ணை வைத்து நீங்கள் எழுதும் கதைகளை விடாமல் படிக்கிறேன். தகடூர் (இன்றைய தருமபுரி) கோட்டை, அதை ஆண்ட அதியமான், சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையின் படையெடுப்பு, 1792இல் திப்புவிடமிருந்து நம் பகுதியான பாராமகால் கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்குப் போனது என்று எதையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஒரே ஒரு குறை. இந்தக் கதைகளில் ஒருவன் களத்தில் விழுந்தால் அடுத்த அத்தியாயத்தில் வேறொருவன் குதிரை ஏறிவிடுகிறான். விழுந்தவன் வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரிந்ததா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் வேடியப்பன் இருக்கிறார். சாமியாகக் கும்பிடுகிறோம், அது ஒரு நடுகல், அதாவது சண்டையில் செத்த வீரனுக்காக நட்ட கல். வில்லோடு நிற்கும் வீரன். மஞ்சளும் குங்குமமும் பூசிப் பூசி முகம் மழுங்கிப்போனது. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் இப்படிப்பட்ட கற்களை நின்று பார்க்கலாம். எழுத்துள்ள கற்களில் பலவும் ஒரே மாதிரிதான் பேசும்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர்த் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டுப் பட்டான், அதாவது செத்தான், இன்னான். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. அதில் செத்தவனோடு நின்று கள்ளனைக் கடித்த நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்: கோவிவன். நாயை மறக்காத அந்த மனசை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அந்த வீரர்களின் அம்மா யார், பெண்டாட்டி யார், கல்லுக்கு முதல் படையல் வைத்தவள் யார்? பெரும்பாலான கற்களில் அது இல்லை. கல்வெட்டு விட்ட இடத்தைக் கதைதான் நிரப்ப வேண்டும்.

அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியதை (புறநானூறு 235) மறுபடி எடுத்துப் பாருங்கள். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்றுதான் தொடங்குகிறார். நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்கிறார். 232ஆம் பாட்டில், மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் ஊற்றும் கள்ளை வாங்கிக்கொள்வானோ என்று கேட்கிறார். தகடூர்ப் போரில் யார் யார் மோதினார்கள் என்பது எனக்கு அவ்வப்போது மறந்துபோகும். தலையைத் தடவிய அந்தக் கை மறந்ததே இல்லை.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சித்தப்பா கிணறு வெட்டும்போது மண் சரிந்து போய்விட்டார். ஆயா, அதாவது எங்கள் பாட்டி, அழவே இல்லை. சோறும் சரியாக இறங்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கர்ண மோட்சம் கூத்து விட்டோம். விடியற்காலை நாலு மணி இருக்கும். கர்ணன் சாய்ந்துவிட்டான். குந்தி வேஷம் கட்டியவர் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்து, கர்ணன் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். அத்தனை வருஷம் மறைத்த பிள்ளையை ஊரறிய ‘மகனே’ என்று குந்தி கூப்பிடுகிற இடம். மிருதங்கம் அடங்கி முகவீணை மட்டும் இழைந்தது. திண்ணையில் இருந்த ஆயா இறங்கிப்போய்ச் சபைக்கு முன்னால் உட்கார்ந்து, குந்தி விட்ட அடியைப் பிடித்துப் பாட ஆரம்பித்தாள். கர்ணன் பேர் இருந்த இடத்தில் சித்தப்பா பேர் வந்தது. அந்தக் கூத்துக்காரர் தன் பாட்டை நிறுத்தி, ஆயா பக்கம் திரும்பி, அவள் முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு அவள் விட்ட கடைசிச் சொல்லிலிருந்தே தன் பாட்டை எடுத்தார். விடிந்ததும் ஆயா ஒரு சொம்பு கூழ் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

பாரதக் கதை எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு இடம் விட்டு நின்றது. உங்கள் கதைகளும் அப்படி நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு வீட்டுப் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். எடுத்த எடுப்பில் சாவைப் பற்றிக் கேட்காதீர்கள். அப்போதெல்லாம் என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். மற்றது தானாக வந்து சேரும். சமையல் என்றதும் இன்னொன்று. அதியமான் காலத்து அம்மியில் மிளகாய் அரைக்காதீர்கள். போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் மிளகாய் இங்கே வந்தது. அதற்கு முன் காரத்துக்கு மிளகுதான்.

ஆயா சொன்ன கதை ஒன்றை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். நம் ஊர்கள் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தன. ஆயாவுடைய பாட்டியைப் பெற்றவள், ஒரு படி விதைக் கேழ்வரகைத் துணியில் முடிந்து கூரை விட்டத்தில் கட்டி வைத்திருந்தாளாம். வீட்டில் வேறு தானியம் இல்லை. மூத்த பெண்குழந்தை பசியிலேயே போய்விட்டது. அப்போதும் அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை. மழை வந்ததும் விதைத்தாள். அந்த விளைச்சலில் பிழைத்த இளைய மகளின் வழியில் வந்தவர்கள் நாங்கள்.

ஆயா களி கிண்டும்போதெல்லாம் முதலில் சின்னதாக ஓர் உருண்டை உருட்டித் திண்ணை ஓரம் வைப்பாள். காக்காய்க்கு என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டபோதுதான், “பாப்பாவுக்கு” என்று இந்தக் கதையைச் சொன்னாள். அந்த அம்மா கல்நெஞ்சக்காரி என்றேன். ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ராத்திரியெல்லாம் அந்த முடிச்சப் பாத்துக்கிட்டே படுத்துக் கெடந்திருப்பா. அத நீ பாத்தியா?”

அந்த ராத்திரியை உங்களில் யாராவது எழுதுங்கள். பாப்பாவின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டுக்கொள்ள ஆயாவும் இப்போது இல்லை. எழுதுகிறவர் அவளுக்கு ஒரு பெயர் வைத்து, எனக்கும் சொல்லுங்கள். களி உருண்டை வைக்கும்போது நான் கூப்பிட வேண்டும்.

அன்புடன்,
அரூர்ப் பக்கத்து அக்கா